மியாட்டாவுக்கு டர்போ போட்டேன், பிரேக் ஆயில் மாத்தல

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே வைத்து, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோட்ல பேச்சுவாக்குல, "என்கிட்ட ஒரு பழைய மியாட்டா இருந்துச்சு, அதுக்கு டர்போ போட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்"னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டேன். அதைப் பிடிச்சுக்கிட்டு நிறைய பேர் மெயில் போட்டிருக்கீங்க. பாதிப் பேர் எவ்வளவு ஹார்ஸ்பவர் வந்துச்சுன்னு கேட்டிருக்கீங்க. மீதிப் பேர் என்னத்த வாங்கிக் கட்டிக்கிட்டீங்கன்னு கேட்டிருக்கீங்க. ரெண்டுக்கும் சேர்த்து இன்னைக்குச் சொல்லிடறேன். கொஞ்சம் வெட்கமான கதைதான்.

மியாட்டா என்னன்னு தெரியாதவங்களுக்கு முதல்ல ஒரு சின்ன அறிமுகம். மஸ்தான்னா நம்மூர்ல ஸ்வராஜ் மஸ்தா வேன்தான் ஞாபகத்துக்கு வரும். பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்போம், கல்யாணத்துக்குப் போயிருப்போம். அதே மஸ்தா கம்பெனி 1989 பிப்ரவரியில சிகாகோ ஆட்டோ ஷோவுல ஒரு குட்டி ஓப்பன் காரைக் கொண்டுவந்து நிறுத்துச்சு. ரெண்டே சீட்டு. மேல துணி கூரை. எஞ்சின் முன்னாடி, ஓட்டுறது பின் சக்கரம். 1960-கள்ல லோட்டஸ் எலான் மாதிரி பிரிட்டிஷ் கார்கள் இதே அமைப்புல வந்திருக்கு. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் அழகா இருக்கும், ஓட்டவும் சுகமா இருக்கும், ஆனா நிறுத்தின இடத்துல எல்லாம் ஆயில் சொட்டும்னு ஒரு கெட்ட பேரு உண்டு. மஸ்தா அதே யோசனையை எடுத்து, காலையில சாவி போட்டா ஸ்டார்ட் ஆகுற காரா செஞ்சாங்க. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் பெரிய விஷயம்.

அந்த முதல் மாடலோட எஞ்சின் 1.6 லிட்டர், அமெரிக்காவுல வித்தது 116 ஹார்ஸ்பவர். இன்னைக்குக் கேட்டா சிரிப்பு வரும். ஆனா காரோட எடை ஆயிரம் கிலோவுக்கும் கம்மி. நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். எடை முன்னாடி பாதி, பின்னாடி பாதின்னு கிட்டத்தட்டச் சமமா விழும். இந்த ப்ராஜெக்டுக்குத் தலைமை தாங்குன இன்ஜினியர் தோஷிஹிகோ ஹிராய். அந்தக் குழு வெச்சிருந்த மந்திரம் 'ஜின்பா இத்தாய்', அதாவது குதிரையும் மேல உட்கார்ந்திருக்கிறவனும் ஒண்ணா ஆகுறது. அறிமுக விலை 13,800 டாலர். 1997 வரைக்கும் இந்த முதல் தலைமுறை நாலு லட்சத்துக்கும் மேல செஞ்சாங்க. அதனாலதான் செகண்ட் ஹேண்ட்ல மலிவா கிடைச்சுது, பார்ட்ஸும் கிடைச்சுது, இதை வெச்சே 'ஸ்பெக் மியாட்டா'ன்னு தனி ரேஸ் வகையே நடக்குது.

நான் ஒஹாயோவுல வேலை பார்த்தப்ப வாங்கினது 1992 மாடல், சிவப்பு. அப்ப இதெல்லாம் மூவாயிரம், நாலாயிரம் டாலருக்குக் கிடைச்ச காலம். இப்ப நல்ல நிலைமையில இருக்கிற வண்டிக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல கேக்குறாங்க, அது வேற வயித்தெரிச்சல். வாங்கி மூணு மாசம் சும்மா ஓட்டினேன். ஹைவேயில பக்கத்துல ஒரு சாதாரண ஃபேமிலி கார் குழந்தை சீட்டோட நம்மளை அலட்சியமா தாண்டிப் போகும். அது ஒரு மாதிரி குத்தும். அங்கதான் ஆரம்பிச்சுது.

முதல்ல எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன். ஏர் ஃபில்டரை மாத்தினேன், சைலன்சரை மாத்தினேன். சத்தம் பிரமாதமா வந்துச்சு. வேகம்? ஒண்ணும் இல்ல. சத்தம் ஏறினா நமக்கு வேகம் ஏறின மாதிரி தோணும், நம்ம காது அவ்வளவு ஏமாளி. அப்புறம் ஒருத்தர் தன் வண்டியில இருந்து கழட்டின டர்போ கிட்டை ரெண்டாயிரம் டாலருக்குக் குடுத்தார். ரெண்டு வார இறுதி, வாடகை வீட்டு கராஜ், கை முழுக்க காயம், மாட்டிட்டேன்.

டர்போ என்ன செய்யும்னு ஒரு வரியில: வெளிய போற புகையோட வேகத்துல ஒரு விசிறியைச் சுத்தி, அதால காத்தை அழுத்தி எஞ்சினுக்குள்ள திணிக்கும். காத்து கூடினா பெட்ரோலும் கூட்டலாம், சக்தியும் கூடும். ஒரு ஏழு பி.எஸ்.ஐ. அழுத்தம், அதாவது அரை பார் குடுத்தாலே எஞ்சினுக்குள்ள போற காத்து கணிசமா கூடிடும். 116 ஹார்ஸ்பவர் கார் சட்டுன்னு வேற காரா ஆயிடும். ஆச்சு. அந்த ஃபேமிலி கார்காரங்களை எல்லாம் பழி வாங்கிட்டேன். ஆறு மாசம் நான்தான் ராஜா.

இப்ப கதைக்கு வர்றேன்.

அமெரிக்காவுல ட்ராக் டேன்னு நடக்கும். ரேஸ் இல்ல. உங்க சொந்தக் காரை ரேஸ் ட்ராக்ல கொண்டுபோய் ஓட்டலாம். புதுசா வர்றவங்களுக்குப் பக்கத்து சீட்டுல ஒரு இன்ஸ்ட்ரக்டர் உட்காருவார். இவங்க பெரும்பாலும் தன்னார்வலர்கள். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன், அவனே கராஜ்ல மாட்டின எதையோ நம்பி, பக்கத்துல உட்கார்ந்து மணிக்கு 160 கிலோமீட்டர்ல போறாங்க. இப்ப யோசிச்சா அவங்களுக்குக் கோயிலே கட்டணும்னு தோணுது.

போறதுக்கு முன்னாடி ஒரு ஃபார்ம் தருவாங்க. டயர் சரியா இருக்கா, வீல் நட்டு முறுக்கிட்டியா, பேட்டரி ஆடாம கட்டியிருக்கா, பிரேக் ஆயில் சமீபத்துல மாத்தியிருக்கான்னு வரிசையா இருக்கும். நாமளே பார்த்து டிக் அடிச்சுக் கையெழுத்துப் போடணும். நான் முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு, சோபாவுல உட்கார்ந்து, எல்லாத்துக்கும் டிக் அடிச்சேன். பிரேக் ஆயில் டப்பாவுல அளவு சரியா இருந்துச்சே, அது போதாதா? அதை யாரு எப்ப கடைசியா மாத்துனாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் மாத்தல. அது மட்டும் நிச்சயம்.

ட்ராக்ல ரெண்டாவது செஷன். பக்கத்துல இன்ஸ்ட்ரக்டர், அறுபது வயசு தாண்டின மனுஷர், ரொம்ப அமைதி. நீளமான ஸ்ட்ரெய்ட்டு, முடிவுல ஒரு வலது திருப்பம். அஞ்சு சுத்து நல்லா போச்சு. ஆறாவது சுத்துல பிரேக்ல கால் வெச்சேன், பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு. பஞ்சு மேல மிதிச்ச மாதிரி. எதிர்ப்பே இல்ல. அந்த ஒரு நொடியில மூளை வேலை செய்யாது, சத்தியமா. காது மட்டும் கேட்டுச்சு. அவர் சத்தம் போடல, அதே குரல்லதான் சொன்னார்: "விட்டு விட்டு மிதி. கியரைக் குறை. ஸ்டீரிங் நேரா வெச்சுக்கோ." மூணாவது மிதியில கொஞ்சம் பிடிச்சுது. நாலாவது கியர்ல இருந்து மூணுக்குத் தள்ளினேன். திருப்பத்துல திரும்பாம நேராவே போய் ஜல்லியில இறங்கி, ஒரு தூசி மேகத்துக்குள்ள நின்னோம். வண்டிக்கு ஒண்ணும் இல்ல. எங்களுக்கும் ஒண்ணும் இல்ல. கொஞ்சம் தள்ளி டயர் அடுக்கின சுவர் தெரிஞ்சுது.

ஏன் அப்படி ஆச்சுங்கறதை மட்டும் நிதானமா சொல்றேன், ஏன்னா மொத்த எபிசோடும் இதுக்குத்தான். பிரேக்னா என்ன? ஓடுற வண்டியோட இயக்க ஆற்றலைச் சூடா மாத்துற அடுப்பு. காரும் ரெண்டு பேரும் சேர்த்து 1,150 கிலோன்னு வெச்சுக்கோங்க. 160-ல இருந்து 80-க்குக் குறைக்கணும்னா, வர்ற சூடு சுமார் 850 கிலோ ஜூல். ரெண்டரை லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதி நிலைக்குக் கொண்டுவர இது போதும். ஒரு திருப்பத்துக்கு இவ்வளவு. காத்துத் தடையும் எஞ்சினும் கொஞ்சம் வாங்கிக்கும், மத்தது எல்லாம் பிரேக் தலையிலதான். இப்ப டர்போ போட்டதால அந்த ஸ்ட்ரெய்ட்டு முடிவுல 160-க்குப் பதிலா 176-ல வர்றேன்னு வைங்க. வேகம் பத்து சதவீதம்தான் கூடியிருக்கு. ஆனா ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல ஏறும். அதே 80-க்குக் குறைக்க வர்ற சூடு 28 சதவீதம் அதிகம். நான் வேகத்தைக் கூட்டினேன். அடுப்பு அதே 1992 அடுப்பு.

இதுல பிரேக் ஆயில் எங்க வருது? அது ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. டப்பாவுக்குள்ள மூடியிருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியா வருஷக்கணக்குல ஈரப்பதம் சேர்ந்துக்கிட்டே இருக்கும். டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்னு தரநிர்ணயம். ஈரம் குடிச்ச பிறகு அதே ஆயிலுக்கு அந்தக் குறைஞ்சபட்சம் 140 டிகிரிதான். டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினா 155. ஆயில் கொதிச்சா குழாய்க்குள்ள ஆவிக் குமிழி வரும். ஆயிலை அழுத்தினா சுருங்காது, அதனாலதான் நம்ம கால் விசை சக்கரத்துக்குப் போகுது. ஆவி சுருங்கும். நாம மிதிக்கிற மிதி எல்லாம் குமிழியைச் சுருக்குறதுலயே செலவாயிடும். பெடல் தரைக்குப் போறது இதனாலதான்.

பிட்ல வந்து ஹெல்மெட்டைக் கழட்டினோம். திட்டுவார்னு நினைச்சேன். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துட்டு, எவ்வளவு ஹார்ஸ்பவர்னு கேட்டார். டக்குனு சொன்னேன், பெருமையா கூட சொல்லியிருப்பேன். பிரேக் ஆயில் எப்ப மாத்தினேன்னு கேட்டார். நான் பதில் சொல்லல. அவரும் திரும்பக் கேக்கல. அந்த ஃபார்ம் அவர் கையிலதான் இருந்துச்சு. மடிச்சு என்கிட்ட குடுத்துட்டு அடுத்த மாணவன் காருக்குப் போயிட்டார்.

எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராததுக்குக் காரணம் ஜல்லி இல்ல, அந்த டிக்.

அதுக்கப்புறம் டர்போவைக் கழட்டி வித்துட்டேன். வந்த காசுல வண்டியை அடியில இருந்து பார்க்க ஆரம்பிச்சேன். பார்க்கப் பார்க்கத்தான் ஒண்ணு புரிஞ்சுது. இருபது, முப்பது வருஷம் ஆன ஸ்போர்ட்ஸ் கார்ல நாம தேடுற 'பெர்ஃபார்மன்ஸ்'ல பெரும்பகுதி ஏற்கனவே அதுக்குள்ள இருந்தது. காலம் அதைத் தின்னுடுச்சு. முதல்ல அதைத் திருப்பி வாங்கணும்.

சஸ்பென்ஷன்ல கை வெச்சா, எல்லா மூட்டுலயும் இருக்கிற ரப்பர் புஷ் பிஸ்கட் மாதிரி உதிர்ந்து வந்துச்சு. மஸ்தா இன்ஜினியருங்க டபுள் விஷ்போனை எதுக்கு வெச்சாங்க? திருப்பத்துல டயர் தரையோட சரியான கோணத்துல உட்காரணும்னுதான். புஷ் செத்துப்போச்சுன்னா சக்கரம் அதுபாட்டுக்கு ஒரு கோணத்துல நிக்கும், நீங்க கம்ப்யூட்டர்ல அலைன்மென்ட் பார்த்ததுக்கு அர்த்தமே இல்ல. இதுல ஒஹாயோக்காரனுக்கு இன்னொரு கொடுமை. பனிக்காலத்துல ரோட்டுல உப்பு கொட்டுவாங்க. மியாட்டாவுல அலைன்மென்ட் பண்றது எக்சென்ட்ரிக் போல்ட்டைத் திருகித்தான். அது துருப்பிடிச்சு இறுகிடும். என் வண்டியில ரெண்டு போல்ட்டை அறுத்துத்தான் எடுக்க முடிஞ்சுது. பழைய மியாட்டா வாங்கப் போறவங்க பெயின்ட்டைப் பார்க்காதீங்க. கதவுக்குப் பின்னாடி, கீழ்ப்பக்கம் தட்டிப் பாருங்க. துணி கூரையில விழுற மழைத்தண்ணி வெளியேற ரெண்டு குழாய் இருக்கு. அதுல இலை, குப்பை அடைச்சுக்கிட்டா தண்ணி உள்ளயே தேங்கி, அந்த இடம் உள்ளிருந்து அரிச்சுடும்.

அடுத்தது கூலிங். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இந்த எஞ்சின் குடும்பம் முதல்ல மஸ்தா ஃபெமிலியாங்கற முன் சக்கர ஓட்டக் காருக்காக வந்தது. அதுல எஞ்சின் குறுக்கால உட்காரும். தண்ணி ஒரு முனையில பம்ப் வழியா உள்ள போய், நாலு சிலிண்டரையும் தாண்டி, மறு முனையில வெளிய வரும். சரியான ஏற்பாடு. மியாட்டாவுல அதே எஞ்சினை நீளவாக்குல திருப்பி வெச்சாங்க. மறு முனை இப்ப டாஷ்போர்டுக்கு முன்னாடி இருக்கிற சுவரை ஒட்டிப் போயிடுச்சு, அங்க குழாய் விட இடம் நெருக்கடி. அதனால தண்ணி வெளிய வர்ற வழியையும் முன்பக்கமே, பம்ப் இருக்கிற பக்கமே கொண்டுவந்துட்டாங்க. விளைவு, தண்ணி உள்ள போன பக்கமே சுருக்கமா வெளிய வந்துடும், கடைசியில இருக்கிற நாலாவது சிலிண்டருக்குப் பங்கு கம்மி. ஆபீஸ் போய் வர்றவனுக்கு இது ஒரு பிரச்சனையே இல்ல. ட்ராக்ல இருபது நிமிஷம் முழு வேகத்துல ஓட்டுறவனுக்கும், டர்போ போட்டவனுக்கும் பிரச்சனை. தண்ணி வழியைத் திரும்பப் பின்பக்கம் கொண்டுபோறதுக்கு 'கூலன்ட் ரீரூட்'னு ஒரு வேலை செய்வாங்க, அது இதுக்குத்தான். டாஷ்போர்டுல இருக்கிற டெம்ப்பரேச்சர் முள்ளை நம்பாதீங்க. ஓட்டுறவர் பதறக் கூடாதுன்னு, ஒரு அகலமான வெப்பநிலை வரம்புக்குள்ள நடுவுலயே நிக்கிற மாதிரி செஞ்சிருக்காங்க. அது நகர ஆரம்பிக்கும்போது காரியம் கெட்டிருக்கும். எனக்கு ஆறு மாசம் டர்போவோட அந்த எஞ்சின் ஏன் பிழைச்சுதுன்னு இன்னைக்கும் ஆச்சரியம்.

டயர். வாங்கும்போது பட்டன் நல்லா இருந்துச்சு, நானும் சந்தோஷப்பட்டேன். பக்கவாட்டுல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும், முதல் ரெண்டு எத்தனாவது வாரம், அடுத்த ரெண்டு எந்த வருஷம். பார்த்தா ஒன்பது வருஷப் பழசு. ரப்பர் கல்லா ஆயிருந்துச்சு. 15 இன்ச் வீலுக்கு மாறி 195/50 டயர் போட்டேன். மியாட்டாகாரங்க பெரும்பாலும் போய்ச் சேர்ற அளவு அதுதான். அதுக்கப்புறம் புது ஷாக் அப்சார்பர், நல்ல பிரேக் பேட், டாட் 4 ஆயில். இருக்கைக்குப் பின்னாடி ரோல் பார் முதல்லயே போட்டிருந்தேன், ஓப்பன் காருக்கு அது இல்லாம ட்ராக்ல விட மாட்டாங்க. ஆயில், பேட் ரெண்டும் சேர்த்து டர்போவுக்குப் போட்டதுல பத்துல ஒரு பங்கு கூட ஆகல.

அடுத்த வருஷம் அதே ட்ராக். அதே 1.6, டர்போ இல்ல. ஸ்ட்ரெய்ட்டுல எல்லாரும் தாண்டிப் போனாங்க. ஆனா சுத்து நேரம் டர்போ இருந்தப்ப எடுத்ததை விட நாலு செகண்ட் கம்மி. முழுப் பெருமையையும் பார்ட்ஸுக்குக் குடுக்க முடியாது, நடுவுல நானும் நாலஞ்சு தடவை போய் ஓட்டக் கத்துக்கிட்டேன். ஆனா பெடல்ல கால் வெச்சா வண்டி நிக்கும்னு நம்பிக்கை இருந்தாத்தானே கத்துக்கவே முடியும்?

அப்ப டர்போவே வேண்டாமான்னு கேட்டா, அப்படி இல்ல. போடுங்க, ஆனா கடைசியா போடுங்க. ஒரிஜினல் ஈ.சி.யு.வுக்கு டர்போன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது, அதனால பெட்ரோலையும் இக்னிஷனையும் கட்டுப்படுத்த தனி ஈ.சி.யு. வேணும். 1.6 வண்டியில இருக்கிற சின்ன டிஃப்ரென்ஷியல் அந்த விசையைத் தாங்காம உடையும், 1994-க்கு அப்புறம் வந்த 1.8 வண்டியோட பெருசை மாத்திக்கணும். 1990, 91 தொடக்கத்துல வந்த எஞ்சின்கள்ல க்ராங்க் முனை பலவீனம், புல்லியில நாலு வெட்டு இருந்தா அந்தப் பழசு, எட்டு இருந்தா பிழைச்சீங்க. இதெல்லாம் முடிச்சு, கம்ப்ரஷன் டெஸ்ட் பார்த்து, கூலிங் சரி பண்ணி, அதுக்கப்புறமும் காசும் ஆசையும் மிச்சம் இருந்தா டர்போ. பாதிப் பேருக்கு அந்த இடத்துல ஆசை இருக்காது, வண்டியே போதும்னு தோணிடும். எனக்கு அப்படித்தான் ஆச்சு.

சென்னையில இருந்து, கோயம்புத்தூர்ல இருந்து கேட்டவங்களுக்கு ஒண்ணு. மியாட்டா நம்மூர்ல வித்ததே இல்ல. உங்க பழைய கார்ல எஞ்சினை மாத்தலாமா, அதை மாத்தலாமான்னா, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு, 2019-ல உச்ச நீதிமன்றமும் கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு கறாரா சொல்லியிருக்கு. ஆனா புஷ், ஷாக், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் புதுசாக்குறதுக்கு எந்த ஆர்.டி.ஓ.வும் தடை சொல்லல. வேகமா ஓட்டணும்னா இருங்காட்டுக்கோட்டையிலயும் கோயம்புத்தூர்லயும் ட்ராக் இருக்கு. ஈ.சி.ஆர். ட்ராக் இல்ல.

அந்த இன்ஸ்ட்ரக்டரை அடுத்த வருஷம் திரும்பப் பார்த்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிஞ்சுதா, தெரியல. காரைத் தெரிஞ்சிருக்கும், சிவப்பு. ஃபார்மைக் குடுத்தேன். பிரேக் ஆயில் வரியில டிக் மட்டும் போடாம, பக்கத்துல தேதியும் எழுதியிருந்தேன், முந்தின ஞாயிற்றுக்கிழமை. அவர் படிச்சுட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு, பக்கத்து சீட்டுல உட்கார்ந்து பெல்ட் போட்டார்.

அடுத்த வாரம் டயர் அளவு பத்தி வந்த கேள்விகளை எடுத்துக்கலாம். வர்றேன்.